மூன்றாம் நாள் விருந்தாளி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்மூர்ப் பழமொழி. கிட்டத்தட்ட இதையே, இன்னும் கறாராக, சட்டமாக எழுதி வைத்திருக்கிறது கிரேக்க மொழியில் எழுந்த ஒரு சிறு கையேடு. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. ‘அப்போஸ்தலர்’ என்று சொல்லிக்கொண்டு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தால், ஆண்டவரையே வரவேற்பதுபோல வரவேற்க வேண்டும். ஒரு நாள் தங்கலாம். அவசியமிருந்தால் மறுநாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால் அவர் போலி. புறப்படும்போது, அடுத்த தங்கலுக்குப் போய்ச் சேரும்வரை போதுமான ரொட்டி மட்டும் கொடுத்தனுப்ப வேண்டும். காசு கேட்டால், முதல் நாளே கேட்டாலும், அவர் போலிதான்.

கையேட்டின் பெயர் டிடாக்கே. ‘போதனை’ என்று பொருள். உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். அதில் இறையியல் நுட்பம் குறைவு, வீட்டு நிர்வாகம் அதிகம். திருமுழுக்கு ஓடும் நீரில் கொடுப்பது நல்லது. ஓடும் நீர் இல்லையா, வேறு நீர். குளிர்ந்த நீர் முடியாதா, வெந்நீர். அதுவும் போதிய அளவு இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும். நோன்பு புதனும் வெள்ளியும். நுகம் முழுவதையும் சுமக்க முடிந்தால் சுமக்கலாம், முடியாதவர் முடிந்த அளவு செய்யட்டும். இப்படி விட்டுக்கொடுத்துப் பேசும் கை, விருந்தாளி விஷயத்தில் மட்டும் இறுகிவிடுகிறது. ஆவியின் ஏவுதலால் ‘பந்தி போடுங்கள்’ என்று கட்டளையிடும் தீர்க்கதரிசி, அந்தப் பந்தியில் தானும் உட்கார்ந்து சாப்பிட்டால் போலி. ஊரிலேயே தங்கிவிட நினைப்பவர் கைத்தொழில் தெரிந்தவராக இருந்தால் உழைத்துச் சாப்பிடட்டும். தொழில் தெரியாதவரும் சும்மா இருக்காதபடி சபை ஒரு வழி பார்க்க வேண்டும். அதற்கும் ஒத்துவராதவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறது நூல்: கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்பவர். இதை எழுதியவர், அல்லது அவருடைய சபை, ஒன்றிரண்டு முறை நன்றாக ஏமாந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அனுபவப்படாமல் பந்தியைப் பற்றிய அந்த விதி யாருக்கும் தோன்றாது.

ஏமாற்றுக்காரர்கள் இருந்தார்கள் என்பதற்கு வெளிச்சாட்சியும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க நையாண்டி எழுத்தாளர் லூசியன், பெரெக்ரினுஸ் என்ற ஆளைப் பற்றி எழுதியிருக்கிறார். கி.பி. 165இல் ஒலிம்பியாவில் எல்லோரும் பார்க்கத் தீக்குளித்துச் செத்தவர் அவர். அதற்கு முன் சில காலம் கிறிஸ்தவர்கள் நடுவே பெரிய ஆளாக வலம் வந்தார். அவர் சிறைப்பட்டபோது விடியற்காலையிலேயே கைம்பெண்களும் அநாதைப் பிள்ளைகளும் சிறை வாசலில் காத்துக்கிடந்தார்களாம். ஆசிய நகரங்களின் சபைகள் செலவுக்குப் பணம் கொடுத்துத் தூதர்களை அனுப்பினவாம். லூசியன் கேலிதான் செய்கிறார். ஆனால் அந்தக் கேலிக்குள் ஒரு சமூகத்தின் முகம் தெளிவாகத் தெரிகிறது. யார் வந்தாலும் நம்பிவிடுகிறவர்கள், கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறவர்கள். டிடாக்கே அந்தச் சமூகம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வேலி.

இயேசுவை நேரில் கண்டவர்களும், கண்டவர்களிடம் கேட்டவர்களும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்த காலம் அது. சுமாராகக் கி.பி. 90 முதல் 150 வரை என்று வைத்துக்கொள்ளலாம். புதிய ஏற்பாடு என்று கட்டிவைத்த புத்தகம் இன்னும் இல்லை. எந்த எழுத்துகள் அதில் சேரும் என்ற முடிவும் இல்லை. ஒருவர் வாசலில் வந்து நின்று ‘இதுதான் இயேசு சொன்னது’ என்றால் அதை எதை வைத்துச் சரிபார்ப்பது? இந்தத் தலைமுறையின் எழுத்துகளில் எதைப் புரட்டினாலும் அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது. அவற்றைக் கோட்பாட்டு நூல்களாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமடைகிறார்கள். பவுலின் வேகமோ பின்னாள் அகுஸ்தினாரின் ஆழமோ அவற்றில் இல்லை. யாரை நம்புவது என்று தவித்தவர்களின் கடிதங்களாகப் படித்தால் அவை உயிர்பெற்றுவிடுகின்றன.

இவர்களை ‘அப்போஸ்தலத் தந்தையர்’ என்று ஒரே கூட்டமாக அழைப்பது பின்னாள் வழக்கம். 1672இல் பிரான்சு நாட்டு அறிஞர் கொத்தெலியே இவ்வகை எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டதிலிருந்து அது நிலைத்தது. அவர்களுக்கே இந்தப் பெயர் தெரியாது. அவர்களில் பலருக்கு மற்றவர் இருப்பதே தெரிந்திருக்காது. ரோமின் எர்மாசுக்கும் பிரிஜியாவின் பப்பியாசுக்கும் இடையில் கடலும் மலையும் மட்டுமல்ல, மனப்போக்கிலும் பெரிய தூரம்.

இவற்றில் கால வரிசையில் முன்னால் வைக்கத்தக்கது, 96ஆம் ஆண்டு வாக்கில் ரோமின் சபை கொரிந்து சபைக்கு எழுதிய நீண்ட கடிதம். கிளமெந்து எழுதியதாக மரபு சொல்கிறது. கடிதத்துக்குள் அவர் பெயர் எங்கும் இல்லை. சபை சபைக்கு எழுதுகிறது, அவ்வளவுதான். பிரச்சினை நம் எல்லா ஊர்க் கோயில் கமிட்டிகளுக்கும் பழக்கமானது. கொரிந்தில் இளவட்டம் ஒன்று கிளம்பி, குற்றம் எதுவும் சொல்ல முடியாத மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. ரோம் அதற்கு 65 அதிகாரங்களில் பதில் எழுதுகிறது. பொறாமை என்னென்ன செய்யும் என்பதற்குக் காயீனிலிருந்து தொடங்கி உதாரணம் அடுக்குகிறது. உயிர்த்தெழுதலுக்குச் சான்றாக, அரபு நாட்டுப் பீனிக்ஸ் பறவை செத்து மீள்வதை மெய்யான செய்திபோல விவரிக்கிறது. ரோமப் படையில் தளபதி முதல் கடைநிலை வீரன் வரை அவரவர் வரிசையில் நிற்பதைப் பார்க்கச் சொல்கிறது. பேரரசின் தலைநகரத்தில், அந்தப் பேரரசின் கையால் அடிபட்ட சமூகம், அதே படையை ஒழுங்குக்கு உதாரணமாகக் காட்டுவது எனக்கு எப்போதுமே வியப்பு.

கடிதத்தின் மையம் ஒரு வாதம். தலைமைப் பதவிக்காகச் சண்டை வரும் என்று அப்போஸ்தலர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால் அவர்களே ஆள்களை நியமித்தார்கள், அவர்கள் இறந்தால் தகுதியுள்ள வேறு ஆள்கள் அந்தப் பணியை ஏற்க வேண்டும் என்று ஏற்பாடும் செய்துவிட்டுப் போனார்கள் என்கிறது. கண்டவர்கள் போய்விட்டால் என்ன, அவர்கள் வைத்துவிட்டுப் போன முறை இருக்கிறதே! டிடாக்கே ஆளின் நடத்தையைப் பார்த்தது. கிளமெந்தின் கடிதம் நியமனத்தைப் பார்க்கிறது. குழப்பம் செய்தவர்களிடம் அது கடைசியில் வைக்கும் வேண்டுகோள், தாங்களாகவே ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்பது. பிறருக்காகத் தம்மை இழந்தவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்களே என்று அது நினைவூட்டுகிறது: தம்மையே அடிமையாக விற்று, கிடைத்த விலையில் ஏழைகளுக்குச் சோறு போட்டவர்கள். போகிற போக்கில் சொல்லப்படும் இந்த வரிதான், பீனிக்ஸ் பறவையைவிட, அந்தச் சபையைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கிறது.

கடிதத்தைக் கொண்டுபோனவர்கள் கிளவுதியு எபேபு, வலேரியு பித்தோ, இவர்களுடன் பொர்த்துனாத்து. சமாதானம் திரும்பிய செய்தியோடு இவர்களைச் சீக்கிரம் திருப்பியனுப்புங்கள் என்று முடிகிறது. ஏறக்குறைய 170இல் கொரிந்தின் ஆயராக இருந்த தியோனீசியு, கிளமெந்தின் கடிதம் தங்கள் சபையில் இன்னும் வாசிக்கப்படுவதாக ரோமுக்கு எழுதினார். திட்டு வாங்கிய சபை அந்தத் திட்டை எழுபது ஆண்டுகளுக்கு மேல் பத்திரப்படுத்தி வாசித்துக்கொண்டிருந்தது.

இனி அந்தியோக்கியாவின் இஞ்ஞாசியார். இந்தக் கூட்டத்தில் படிப்பவரை நிம்மதியாக இருக்கவிடாத ஆள் இவர்தான். பேரரசன் டிராஜனின் காலத்தில் (98–117) சிரியாவில் கைதாகி, விலங்குகளுக்கு இரையாக்கப்படுவதற்காக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டார் என்பது மரபு. காவலுக்குப் பத்துப் படைவீரர்கள். அவர்களைச் சிறுத்தைகள் என்கிறார். நன்றாக நடந்துகொண்டால் இன்னும் மோசமாகிற சிறுத்தைகள். இன்றைய துருக்கியின் குறுக்கே நடந்த அந்தப் பயணத்தில் சிமிர்னாவில், அதாவது இன்றைய இஸ்மிரில், கொஞ்ச நாள் தங்க வாய்த்தது. சுற்றுவட்டாரச் சபைகள் ஆளனுப்பிப் பார்த்தன. எபேசிலிருந்து ஒனேசிமு வந்தார். மக்னேசியாவிலிருந்து தாமா என்ற இளம் ஆயர் வந்தார். வயது குறைவென்று அவரை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அந்தச் சபைக்கு எழுதும்போது இஞ்ஞாசியார் சொல்ல வேண்டியிருக்கிறது. திரல்லியிலிருந்து பொலிபியு வந்தார். சிமிர்னாவிலிருந்து நான்கு கடிதங்கள், அடுத்துத் துரோவா துறைமுகத்திலிருந்து மூன்று, ஆக ஏழு. துரோவாவிலிருந்து திடீரென்று கப்பலேற்றிவிட்டதால் மற்ற சபைகளுக்கு எழுத முடியவில்லை, நீங்கள் எழுதிவிடுங்கள் என்று சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப்புக்குச் சொல்கிறார். விலங்கு பூட்டிய கையோடு சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதங்கள் என்பது அவற்றின் நடையிலேயே தெரியும். வாக்கியங்கள் முட்டிமோதிக்கொண்டு வருகின்றன, பாதியில் நிற்கின்றன.

ரோமுக்கு எழுதியது மட்டும் வேறு வகை. என்னைக் காப்பாற்ற முயலாதீர்கள் என்று கெஞ்சும் கடிதம் அது. தம்மைக் கடவுளின் கோதுமையாகவும் விலங்குகளின் பற்களை அதை அரைக்கும் திரிகையாகவும் உருவகிக்கிறார். விலங்குகளே தமக்குக் கல்லறையாகட்டும், தம் உடலில் எதையும் மிச்சம் வைக்காதிருக்கட்டும் என்கிறார். படிக்கச் சங்கடமான வேட்கை இது. இதைப் புனிதம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகிறவர்களையும் மனநோய் என்று ஒதுக்குகிறவர்களையும் நான் ஒருபோல நம்புவதில்லை. அடிமையும் அயலானும் கூட்டத்தின் கேளிக்கைக்காகச் சாகும் இடம் ரோமின் அரங்கம். தன் சாவின் பொருளை அந்தக் கூட்டத்தின் கையில் விட மறுக்கிறார் ஒருவர். அவரிடம் மிச்சமிருந்த உரிமை அது ஒன்றுதான்.

மற்ற ஆறு கடிதங்களில் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஆயரை விட்டு விலகாதீர்கள் என்பதைத்தான். ஒரு சபைக்கு ஓர் ஆயர், அவரைச் சுற்றி மூப்பர்கள், அவர்களுக்குத் துணையாகத் திருத்தொண்டர்கள். ஆயரோடு மூப்பர்கள் யாழின் நரம்புகள்போல இசைந்திருக்க வேண்டும். ஆயரில்லாமல் திருமுழுக்கும் இல்லை, அன்பின் விருந்தும் இல்லை. ‘கத்தோலிக்கத் திருச்சபை’ என்ற தொடர் நமக்குக் கிடைக்கும் எழுத்துகளில் முதன்முதலாக வருவது இவர் சிமிர்னாவுக்கு எழுதிய கடிதத்தில்தான். ‘கிறிஸ்தவம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும் இவரிடம்தான் முதலில் வருகிறது. ஆயரைக் குறிக்கும் ‘எபிஸ்கோப்போஸ்’ என்பதன் நேர்ப்பொருள் மேற்பார்ப்பவர். பழைய தமிழ் விவிலியம் அதைக் ‘கண்காணி’ என்றே மொழிபெயர்த்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியை நினைத்துக்கொள்கிறவர்களுக்கு அந்தச் சொல் உறுத்தும். ஆனாலும் மூலத்துக்கு அதைவிடக் கிட்டத்தில் நிற்கும் தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்கிறாரே, அப்படியானால் எல்லா ஊரிலும் ஓர் ஆயர் ஏற்கெனவே அமர்ந்திருந்தாரா? அப்படித் தோன்றவில்லை. ரோமுக்கு எழுதிய கடிதத்தில் அவர் அங்குள்ள ஆயரைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சில காலத்துக்குள் பொலிகார்ப்பு பிலிப்பி நகருக்கு எழுதும்போது மூப்பர்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் கீழ்ப்படியச் சொல்கிறார், ஆயர் என்ற பேச்சே இல்லை. கிளமெந்தின் கடிதத்தில் ஆயரும் மூப்பரும் ஒரே பதவியின் இரு பெயர்கள்போல வருகின்றன. நிலைபெற்றுவிட்ட ஏற்பாட்டுக்காக யாரும் தொண்டை கிழியக் கத்த மாட்டார்கள். இஞ்ஞாசியாரின் குரல் உயர்ந்திருப்பதற்குக் காரணம், கேட்டவர்களில் பலர் தலையாட்டவில்லை என்பதுதான்.

பிலதெல்பியாவில் நடந்ததை அவரே எழுதுகிறார். அங்குள்ள கூட்டத்தில் அவர் பெருங்குரலில் ஆயரோடும் மூப்பர்களோடும் ஒட்டியிருங்கள் என்று முழங்கினார். யாரோ முன்கூட்டியே இங்குள்ள பிளவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து இப்படிப் பேசவைத்திருக்கிறார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். இல்லை, மனிதர் யாரும் சொல்லவில்லை, ஆவிதான் பேசியது என்று சாதிக்கிறார். இன்னொரு தகராறும் அங்கேயே நடந்தது. பழைய ஆவணங்களில் இல்லாத எதையும் நற்செய்தி என்று ஏற்க மாட்டோம் என்றார்கள் சிலர். எழுதப்பட்டுத்தான் இருக்கிறது என்றார் இவர். அதைத்தானே நிரூபிக்க வேண்டும் என்று மடக்கினார்கள். விவாதத்தில் தோற்றவர்போல, தமக்கு ஆவணம் என்பது இயேசு கிறிஸ்துவும் அவருடைய சிலுவையும் சாவும் உயிர்ப்பும்தான் என்று முடித்துவிடுகிறார். பதவியின் அதிகாரத்துக்காக வாதாட வந்தவர், அதை நிறுவ ஒரு தீர்க்கதரிசியின் வாயைக் கடன்வாங்குகிறார். டிடாக்கேயின் சபைக்கு இவர் வந்திருந்தால், மூன்றாம் நாள் யார் முகத்தை யார் பார்த்திருப்பார்கள் என்று யோசிப்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு.

இந்தக் கடிதங்களுக்கு நேர்ந்த கதியும் இதே கேள்வியில் வந்துதான் முட்டுகிறது. நான்காம் நூற்றாண்டு வாக்கில் யாரோ ஒருவர் இந்த ஏழையும் ஊதிப் பெருக்கி, மேலும் சில போலிக் கடிதங்களையும் சேர்த்துவிட்டார். நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பா படித்தது அந்தக் கலவையைத்தான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆயர் பதவி வேண்டுமா வேண்டாமா என்று சண்டை மூண்டபோது இஞ்ஞாசியார் சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டார். கவிஞர் மில்டன் 1641இல் எழுதிய துண்டறிக்கையில் அந்தக் கடிதங்களை நம்பத்தகாதவை என்று கிழித்துப் போட்டார். ஆனால் அயர்லாந்தின் பேராயர் அஷர் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். இடைக்கால ஆங்கில எழுத்தாளர் சிலர் காட்டும் இஞ்ஞாசியார் மேற்கோள்கள் அச்சிலிருந்த பாடத்தோடு ஒத்துப்போகவில்லை, பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் காட்டும் வாசகங்களோடு ஒத்துப்போகின்றன. அப்படியானால் நல்ல பாடம் ஒன்று இங்கிலாந்திலேயே எங்கோ கிடக்க வேண்டும். தேடி, லத்தீன் மொழிபெயர்ப்பைக் கண்டுபிடித்து 1644இல் வெளியிட்டார். இரண்டே ஆண்டில், 1646இல், டச்சு அறிஞர் வோஸ் புளோரன்சு நகரத்துக் கிரேக்கச் சுவடியிலிருந்து ஆறு கடிதங்களை அச்சேற்றினார். துப்பறியும் கதைக்கு நிகரான வேலை. 1845இல் கூர்ட்டன் மூன்று கடிதங்கள் மட்டும் கொண்ட சுருங்கிய சிரியாக் பாடத்தை வெளியிட்டதும் சந்தேகம் மறுபடி கிளம்பியது. 1873இல் சானும் 1885இல் லைட்ஃபுட்டும் ஏழு கடிதங்களின் பக்கம் நின்று வாதாடியபின்தான் பெரும்பாலோர் அமைதியானார்கள். எல்லோரும் அல்ல. காலத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்களும் போலி என்கிறவர்களும் இன்றும் இருக்கிறார்கள்.

பப்பியாசைப் பற்றிச் சொல்லச் சுருக்கமாகத்தான் முடியும். ஐந்து புத்தகம் எழுதியவர், அவற்றில் மிஞ்சியவை பிறர் எடுத்தாண்ட துணுக்குகள் மட்டும். இன்று சுற்றுலாப் பயணிகள் வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்கப் போகும் பாமுக்கலே பக்கத்து ஹியராப்போலிதான் அவர் ஊர். மூத்தவர்களோடு பழகியவர் யார் வந்தாலும் அந்திரேயா என்ன சொன்னார், பேதுரு என்ன சொன்னார் என்று விசாரிப்பாராம். புத்தகங்களைவிட உயிருள்ள குரலே தமக்குப் பயன்பட்டது என்று எழுதியிருக்கிறார், அதையும் புத்தகத்தில்தான். மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்து கேட்டதை எழுதினார் என்ற செய்தி இவரிடமிருந்து வருவது. அதே ஊரில் வாழ்ந்த பிலிப்புவின் மகள்களிடமும் கதை கேட்டிருக்கிறார். வரப்போகும் ஆட்சியில் ஒவ்வொரு திராட்சைக்கொடியிலும் பத்தாயிரம் கிளை, ஒவ்வொரு கிளையிலும் பத்தாயிரம் கொப்பு என்று பெருக்கிக்கொண்டே போகும் ஒரு வாக்கை இயேசு சொன்னதாகவே பதிவு செய்திருக்கிறார். யூசிபியஸுக்கு இது பொறுக்கவில்லை. மிகச் சிறிய அறிவு உள்ளவர் என்று எழுதிவிட்டார். எனக்குப் பப்பியாஸ்மேல் இரக்கம் உண்டு. வாய்மொழியை நம்புகிறவனுக்கு வடிகட்டி கிடையாது. மாற்கைப் பற்றிய செய்தியும் பத்தாயிரம் கிளைத் திராட்சையும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன.

எர்மாஸ் நேர்மாறு. அவருக்கு யாரையும் விசாரிக்கத் தேவையில்லை, காட்சி வந்துவிடும். ரோமில் ரோதே என்ற பெண்ணுக்கு அடிமையாக விற்கப்பட்டவர். பல ஆண்டுகள் கழித்து அவள் டைபர் ஆற்றில் குளித்துக் கரையேறக் கைகொடுத்தபோது, இப்படி ஒரு மனைவி வாய்த்திருந்தால் என்று நினைத்துவிட்டார். ‘மேய்ப்பர்’ என்ற அவருடைய பெரிய நூல் அந்த நினைப்பின் குற்ற உணர்விலிருந்துதான் கிளம்புகிறது. நாற்காலியில் ஒரு கிழவி உட்கார்ந்து வாசிக்கிறாள், அவள்தான் திருச்சபை. அடுத்தடுத்த காட்சிகளில் இளமையாகிக்கொண்டே வருகிறாள். அவள் சொன்னதை எர்மாஸ் இரண்டு படி எடுக்க வேண்டும். ஒன்று கிளமெந்துக்கு, வெளியூர்களுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. இன்னொன்று கிராப்தே என்ற பெண்ணுக்கு. அவர் கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் சொல்லிக்கொடுப்பார். கிராப்தேயைப் பற்றி இந்த ஒற்றை வரிதான் உண்டு. ஆனாலும் கடிதங்களின் பேரேட்டில் பெண்கள் ஏறக்குறைய இல்லாத இந்தத் தலைமுறையில், ஆளுநர் பிளினி 112 வாக்கில் பித்தினியாவிலிருந்து டிராஜனுக்கு எழுதியதையும் சேர்த்துப் படித்தால் அந்த ஒற்றை வரி கனக்கிறது. உண்மையை வரவழைக்கப் பிளினி சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. சபையார் அவர்களைத் திருத்தொண்டர் என்று அழைத்தார்களாம்.

காட்சியை நம்பும் எர்மாசுக்கும் போலிகளின் தொல்லை இருந்தது. போலித் தீர்க்கதரிசியை எப்படி அடையாளம் காண்பது என்று அவரும் பாடம் சொல்கிறார். நம்பிக்கையாளர் எல்லாரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் தனி நாற்காலியில் இருக்கிறான். கூலி வாங்காமல் வாய் திறக்க மாட்டான். தனியாக மடக்கிக் கேட்டால் கேட்டவன் விரும்பியதைச் சொல்வான், சபை கூடியிருக்கும் இடத்தில் ஊமையாகிவிடுவான். அந்தத் தனி நாற்காலிக்குக் கிரேக்கச் சொல் ‘கத்தெத்ரா’. பின்னாளில் ஆயரின் இருக்கைக்கும், அந்த இருக்கை உள்ள பேராலயத்துக்கும் பெயர் கொடுத்த அதே சொல். பணக்காரனையும் ஏழையையும் பற்றிய அவருடைய உவமை நமக்கு உடனே புரியும். காய்க்காத எல்ம் மரத்தில் திராட்சைக்கொடியைப் படரவிடுவது இத்தாலிய வழக்கம். கொடிக்குக் கொழுகொம்பு அது. தரையில் கிடந்தால் கொடியும் அழுகும். மரம் ஏந்திக்கொண்டால் கொடி காய்க்கும், அந்தக் காய்ப்பில் மரத்துக்கும் பங்கு. சினாய்ச் சுவடி என்ற நான்காம் நூற்றாண்டு விவிலியப் பிரதியில் புதிய ஏற்பாட்டுக்குப் பின்னால் ‘மேய்ப்பர்’ சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. முரத்தோரியத் துண்டு என்ற பழைய பட்டியல் மட்டும் கறாராக மறுக்கிறது: இது அண்மையில், பியு ரோமின் ஆயராக இருந்தபோது, அவருடைய சகோதரர் எழுதியது, தனியாகப் படிக்கலாம், சபையில் வாசிக்கக் கூடாது. கண்டவர்களின் காலம் முடிந்துவிட்டது என்று கணக்கை மூடும் குரல் அது.

பொலிகார்ப்பிடம் வருகிறேன். எழுத்தாளராகப் பார்த்தால் இந்த வரிசையிலேயே சாதாரணமானவர். பிலிப்பிக்கு அவர் எழுதிய கடிதம் பெரும்பாலும் பிறர் வாசகங்களைக் கோத்த மாலை. ஆனால் அதில் ஒரு சங்கதி உண்டு. அந்தச் சபையில் மூப்பராக இருந்த வாலென்சு மனைவியோடு சேர்ந்து பண விஷயத்தில் தவறிவிட்டார். பொலிகார்ப்பு வருத்தப்படுகிறார், பேராசை வேண்டாம் என்று எச்சரிக்கிறார், உடனேயே அவர்களைப் பகைவராக எண்ணாதீர்கள், தவறிப்போன உறுப்புகளாகத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இஞ்ஞாசியாரின் கடிதங்களைத் திரட்டிப் பிலிப்பிக்கு அனுப்பியவரும் இவர்தான். அந்தக் கைமாற்று இல்லையென்றால் மேலே சொன்ன சண்டைகள் எதற்கும் இடமிருந்திருக்காது.

சாவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ரோமுக்குப் போனார். ஆசியாவின் சபைகள் பாஸ்கா விழாவை யூதக் கணக்கின்படி நீசான் 14இல் கொண்டாடின. ரோம் அதை ஏற்கவில்லை. ரோமின் ஆயர் அனிசேத்து இவரை மாற்றப் பார்த்தார், முடியவில்லை. யோவானோடு சேர்ந்து இப்படித்தான் செய்தேன் என்று இவர் சொன்னால் யார் என்ன சொல்வது? இவராலும் அவரை மாற்ற முடியவில்லை. ஒத்துப்போகாமலே, அனிசேத்து தம் சபையில் நற்கருணை நடத்தும் மரியாதையை விருந்தாளியான பொலிகார்ப்புக்கு விட்டுக்கொடுத்தார். ஏறக்குறைய 190இல் ரோமின் விக்தர் இதே காரணத்துக்காக ஆசியச் சபைகளை வெட்டிவிடக் கிளம்பியபோது, இந்தக் கதையை எழுதித் தடுத்தவர் லியோன் நகரின் ஆயர் இரனேயு. சிறுவனாகப் பொலிகார்ப்பின் பேச்சைக் கேட்டவர் அவர். பழைய நண்பர் புளோரினுவுக்கு எழுதிய கடிதத்தில், பொலிகார்ப்பு உட்கார்ந்து பேசிய இடம், அவர் வருகிற போகிற விதம், அவர் உருவம் எல்லாம் அண்மையில் நடந்தவற்றைவிடத் தெளிவாக நினைவிருக்கின்றன என்கிறார். அதைத் தாளில் அல்ல, நெஞ்சில் குறித்துவைத்ததாகச் சொல்கிறார். வாதத்தில் எதிராளியை வீழ்த்த வேண்டிய இடத்தில் இரனேயு எடுத்துவைப்பது ஒரு கிழவர் உட்கார்ந்திருந்த இடத்தை!

சிமிர்னாவின் சபை எழுதிய கடிதம் பொலிகார்ப்பின் சாவைச் சொல்கிறது. 155 அல்லது 156 என்பது பலர் ஏற்கும் ஆண்டு. தானாகவே முன்வந்து பிடிபட்ட பிரிஜியாக்காரன் குயிந்து, விலங்குகளைப் பார்த்ததும் நடுங்கிப் பின்வாங்கியதை அது மறைக்கவில்லை. இப்படித் தேடிப்போவதை நாங்கள் பாராட்டுவதில்லை என்றும் சொல்கிறது. பொலிகார்ப்பு அப்படிப் போகவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் மறைந்திருந்தார், பிறகு இன்னொன்றுக்கு மாறினார். சித்திரவதைக்கு ஆளான ஒரு வேலைக்காரப் பையன் சொல்லிவிட்டான். இரவு நேரம், மாடியறையில் படுத்திருந்தவர் இறங்கிவந்து, தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு வேண்டிய மட்டும் சாப்பாடு போடச் சொன்னார். செபிக்க ஒரு மணி நேரம் கேட்டு இரண்டு மணி நேரம் நின்றார். அரங்கத்தில் ஆளுநர், கடவுள் மறுப்பாளர்கள் ஒழிக என்று சொல்லச் சொன்னார். கிறிஸ்தவர்களுக்கு அன்று அந்தப் பெயர். கிழவர் கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்து, அவர்களை நோக்கிக் கையசைத்து, அதையே சொன்னார். 86 ஆண்டு ஊழியத்தை மறுக்க மாட்டேன் என்றார். எரித்தார்கள். எலும்புகளைச் சபையார் பொறுக்கி எடுத்து, ஆண்டுதோறும் அந்த நாளை அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடக் கூடும் இடத்தில் வைத்தார்கள்.

அந்தக் கடிதத்தின் கடைசியில் படியெடுத்தவர்கள் குறிப்பு வைத்திருக்கிறார்கள். ஓலை பெயர்த்து எழுதிய நம் ஏட்டுக்காரர்கள் கடைசி ஏட்டில் பெயரும் நாளும் எழுதுவதுபோலத்தான். இரனேயுவிடம் இருந்த பிரதியைப் பார்த்துக் காயு எழுதினார். காயுவின் பிரதியைப் பார்த்துக் கொரிந்தில் சோக்ரதே எழுதினார். அதைத் தேடிப் பிடித்துப் பியோனியு எழுதினார். காலத்தால் நைந்து, அனேகமாக அழிந்தேபோயிருந்த ஏடுகளை ஒன்றுசேர்த்தாராம். அவை எங்கே இருக்கின்றன என்று பொலிகார்ப்பே காட்சியில் வந்து காட்டினாராம்.

டிடாக்கேயும் அப்படி ஒரு கையின் உழைப்பில்தான் தப்பியது. இருக்கிறது என்று பழைய எழுத்தாளர்கள் சொன்ன அந்த நூலை நூற்றாண்டுக் கணக்கில் யாரும் முழுதாகக் கண்ணால் கண்டதில்லை. 1873இல் கான்ஸ்டாண்டினோப்பிளில், எருசலேம் மடத்தின் நூலகத்தில், பிலோத்தேயு பிரியென்னியோ என்ற கிரேக்க அறிஞர் ஒரு தோல்சுவடியைப் புரட்டினார். முதலில் அவர் கண்ணில் பட்டவை கிளமெந்தின் கடிதங்கள். 1875இல் அவற்றை அச்சிட்டார், முதல் கடிதத்தில் அதுவரை இல்லாதிருந்த ஒரு பகுதியும் கிடைத்தது. அதே சுவடியில் இருந்த டிடாக்கேயை வெளியிட 1883 ஆயிற்று. சுவடியைப் படியெடுத்தவர் முடித்த நாளை எழுதியிருக்கிறார்: 1056 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. தம் பெயர் லெயோ என்றும், தாம் ஒரு எழுத்தர், ஒரு பாவி என்றும் எழுதியிருக்கிறார்.